இரண்டு பன்மைகள்

படிவம் தமிழிலும் இருக்கிறது என்றாள் வரவேற்பில் இருந்தவள்.
வாங்கிப் பார்த்தேன்.
'கடந்த இரண்டு வாரங்களில்
நம்பிக்கையற்ற மனநிலைக்கு ஆட்பட்டீர்களா?'
எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசியதில்லை.
ஓ லெவல் தேர்வுத்தாள் ஞாபகம் வந்தது.
ஒரு மாதிரியா இருக்கு என்போம், அவ்வளவுதான்.
அந்த ஒரு மாதிரிக்குக் கட்டம் இல்லை.
ஆங்கிலப் படிவத்தையே கேட்டு வாங்கி
எல்லாக் கேள்விக்கும் இரண்டாம் கட்டத்தில் கோடிட்டேன்.

தமிழர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்கிறீர்களா என்றார்கள்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
எந்த ஊர் என்று தொடங்கி
மூன்றாவது கேள்விக்குள்
என் சித்தியைத் தெரிந்தவராகிவிடுவார்.
செம்பவாங்கிலிருந்து தோ பாயோவரை வருவதே
யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான்.
வீட்டில் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன்.
நான்கு மாதமாக ஒரே பல்.

ஹிதாயா. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.
இளநீலத் தலைத்துணி, அதில் ஒரு குண்டூசி.
உங்களுக்கு என்ன வேண்டும், குணா?
(குணவதியில் பாதியை நானே வெட்டிக் கொடுத்திருந்தேன்.)
அப்பாவுக்கு பிசியோதெரபி வாரம் இரண்டு நாளாக வேண்டும்.
அது அப்பாவுக்கு. உங்களுக்கு?
டிசம்பரில் அண்ணன் பெர்த்திலிருந்து வர வேண்டும்.
அது அண்ணன்.
டிஷ்யூ பெட்டி என் பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தது.
நான் அழவில்லை. எனக்கு என்பதற்குப் பிறகு
என்ன சொல் வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

போன முறை, எல்லை வகுத்துக்கொள்ளுங்கள் என்றார்.
மூவறை வீட்டில் எதற்கும் எதற்கும் நடுவே?
இரவில் அப்பா கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று
என் அறைக் கதவு மூடாமலிருக்க
ஒரு ரப்பர் செருப்பை அண்டக்கொடுத்திருக்கிறேன்.

இன்று குறிப்பேட்டைப் பார்த்துக் கேட்டார்:
அரை மணி நேரத்தில் பதினான்கு முறை
'வீ' என்று சொல்லிவிட்டீர்கள்.
யார் அந்த 'வீ'?

எங்கள் மொழியில் அது இரண்டு சொல் என்றேன்.
கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்.
அவரை வாசலில் நிறுத்திவிட்டால் நாங்கள்.
இங்கே வந்து ஆங்கிலத்தில் பேசும்போது
இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன்.

பேனாவை வைத்துவிட்டார்.
கித்தா, என்றார். காமி.
அம்மாவுக்குக் கோபம் வந்தால்
கித்தா சட்டென்று காமியாகிவிடும்,
நான் மட்டும் வெளியே நிற்பேன்.
சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல்
குண்டூசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் வந்தது, மருத்துவமனைத் தாழ்வாரம்.
அப்பாவை உள்ளே கொண்டுபோன இரவு.
நாமதான் பாத்துக்கணும், என்றான் அண்ணன்.
நாமதான், என்றாள் கமலவேணி, பொங்கோலிலிருந்து வந்தவள்.
நானும் தலையாட்டினேன்.
உனக்குக் குடும்பமா குட்டியா என்று
ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவே தேவைப்படவில்லை.
ஒரே ஒருத்தி மட்டும் இருக்கும் பன்மையை
எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.
இதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.
தமிழிலேயே சொன்னேன்.
அவருக்குப் புரிந்திருக்காது.
கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்திப்பு ஆறு வாரம் கழித்து,
அதற்கு முன்னால் இடமில்லை.

ரயிலில் வழக்கம்போல ஆங்கிலம், மாண்டரின், மலாய்.
இடைவெளியைக் கவனிக்கச் சொல்லித்
தமிழ் வருவதற்குள் எப்போதும் இறங்கிவிடுவேன்.
செம்பவாங்கில் இன்று நின்று கேட்டேன், கடைசிச் சொல்வரை.
கதவு மூடிக்கொண்டது.
அட்மிரல்ட்டியில் இறங்கி எதிர்ப் பக்க ரயிலுக்கு நின்றேன்.
பதினொரு நிமிடத் தாமதம்.
ஏன் லேட் என்றார் அப்பா, வாய் கோணிய பக்கத்தால்.
பல்லைப் பிடுங்கிட்டாங்க, என்றேன்.
நாக்கு தானாக அந்த இடத்தைத் தேடிப் போனது.